ஒரே மறுவாழ்வு மையம்: 74 வயது அப்பாவுக்கு 2 மதிப்பெண், 22 வயது தங்கை மகனுக்கு 4½

கோவைக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தைப் பற்றி எழுதுகிறேன். தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், முதுகெலும்பு காயம் பட்டவர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பெயரை எழுதவில்லை. குறைகளை நிர்வாகத்திடம் நேரிலும் கடிதத்திலும் சொல்லியாகிவிட்டது. இதைப் படிப்பவர் வீட்டில் யாருக்காவது தலைக்காயம் என்றால், எந்த ஊரில் எந்த மையத்துக்குப் போனாலும் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

எங்கள் வீட்டில் இரண்டு பேர் அங்கே தங்கிச் சிகிச்சை எடுத்தார்கள். முதலில் என் அப்பா, வயது 74. அடுத்த வருஷம் என் தங்கை மகன், வயது 22. அதே கட்டடம், அதே டாக்டர், பெரும்பாலும் அதே பிசியோதெரபிஸ்ட்டுகள். பையனுக்கு 5-க்கு 4½ தருவேன். அப்பாவுக்கு 2-க்கு மேல் தர மனசு வரவில்லை. இருவருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுத்ததுதான் காரணம். தலைக்காயம் ஒன்றாக இருந்தாலும் 74 வயது உடம்புக்கும் 22 வயது உடம்புக்கும் அதற்குப் பிறகு வரும் நோய்கள் வேறு வேறு. அந்த மையம் இளைஞர்களை மனதில் வைத்துக் கட்டப்பட்டது.

முதலில் அப்பா. ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிபிக்கு இரண்டு மாத்திரை, சர்க்கரைக்கு ஒன்று, இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு. ஐப்பசியில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பின்மண்டையில் சின்ன வீக்கம்தான், ரத்தம்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் 15-க்கு 15 என்று எழுதினார்கள். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை போடும் அளவு அது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் 1974-ல் உருவாக்கியது, இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 15 என்றால் முழு நினைவு. ஸ்கேனில் மெல்லிய கோடு போல ரத்தம் தெரிந்தது. ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நடை மாறினாலோ பேச்சு குழறினாலோ உடனே வரச் சொன்னார்கள்.

கார்த்திகை முடியும்போது இடது காலை இழுத்து நடந்தார். சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். மறுபடி ஸ்கேன் எடுத்தால், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் பழைய ரத்தம் பெரிதாகத் தேங்கியிருந்தது. அன்று இரவே இரண்டு துளை போட்டு வடித்தார்கள்.

அறுவை செய்த டாக்டர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் வயதானவர்கள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிய வேண்டும். வயதாகும்போது மூளை கொஞ்சம் சுருங்குகிறது. சுற்றிலும் இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைத் தாண்டிப் போகும் சிறு ரத்த நாளங்கள் இழுபட்டு நிற்கின்றன. லேசான அடியிலேயே அறுந்துவிடும். இளைஞனுக்கு உள்ளே இடமில்லை, ரத்தம் கசிந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் மூளையை அழுத்திக் காட்டிக்கொடுத்துவிடும். முதியவருக்கு இடம் இருப்பதால் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் சேரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் இன்னும் ஆபத்து. ஆகவே முதல் நாள் 15-க்கு 15 என்பது வயதானவர் விஷயத்தில் முழு நிம்மதி தரும் எண் கிடையாது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. காலில் பலமில்லை, இரவில் குழப்பம், யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று எழுந்து நடக்கப் பார்த்தார். அதனால்தான் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம்.

இடம் நன்றாக இருக்கிறது, அதில் குறையே சொல்ல முடியாது. தென்னந்தோப்பு நடுவில் ஒரே தளம், படிகள் இல்லை. தாழ்வாரம் முழுக்கக் கைப்பிடிக் கம்பி. இருவர் அறைக்கு நாளைக்கு 4,500 ரூபாய். பிசியோ, பேச்சுப் பயிற்சி, கைவேலைப் பயிற்சி (அன்றாட வேலைகளையும் தொழிலையும் திரும்பப் பழக்குவது), சாப்பாடு அதில் அடக்கம். மருந்து, டயப்பர், ரத்தப் பரிசோதனை தனி. இரவில் தனி உதவியாளர் வேண்டுமென்றால் இன்னும் 900. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள். அவர்கள் பில்லில் ஒரு ரூபாய்கூடத் தவறு இல்லை, கேட்காமலே வாரம்தோறும் விவரமாகக் கொடுத்தார்கள். சாப்பாடு சுமார். சர்க்கரைக்காரருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே சோறுதான், கேட்டால் சப்பாத்தி வரும்.

இனி குறை.

காலை எட்டரைக்கு மாத்திரை, ஒன்பதுக்கு ஜிம். இதுதான் எல்லாருக்கும் அட்டவணை. அப்பா எழுந்து நின்றதும் கண் இருட்டி உட்கார்ந்துவிடுவார். "அப்பாரு, முயற்சி பண்ணாத் தானுங்க நடக்க முடியும்" என்று அந்தப் பெண் அன்பாகத்தான் சொல்வாள். குறிப்பேட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவாள். பிபி பார்த்தார்கள், ஆனால் படுக்கையில் வைத்து மட்டும். நான் வற்புறுத்தி ஒருநாள் படுத்திருக்கும்போதும், நிற்க வைத்து மூன்று நிமிஷத்துக்குள்ளும் பார்க்க வைத்தேன். படுத்தால் மேல் அளவு 150, நின்றால் 110. நின்றால் 20-க்கு மேல் இறங்கினாலே அதைக் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவத்தில் அடிப்படைக் கணக்கு. இவருக்கு 40 இறங்கியிருக்கிறது. பிபி மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் ஒருவரை நடக்க விட்டால் வேறென்ன ஆகும்? தலையில் ஒருமுறை அடிபட்ட முதியவருக்கு மிகப் பெரிய ஆபத்து இன்னொரு முறை விழுவது. விழாமல் பார்த்துக்கொள்வது அங்கே யாருடைய வேலை என்று தெளிவாக இல்லை.

அடுத்தது தூக்கம். மாசி பிறந்ததும் பகலிலும் தூங்க ஆரம்பித்தார். ஸ்பூனை வாயருகே கொண்டுபோனால் திறக்க மறந்துவிடுவார். "தலையில அடிபட்டவங்க இப்படித்தான், வயசும் ஆச்சுல்ல" என்றார்கள். வயசும் ஆச்சுல்ல! இந்தப் பதிலை எந்த மையத்தில் கேட்டாலும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வயதானவர் திடீரென்று மந்தமானால் அதற்குக் காரணம் ஒன்று உண்டு, பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து குறைவது, புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை, மீண்டும் ரத்தக் கசிவு. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் 'வயசு' என்ற சொல்லையே எடுக்க வேண்டும்.

வெளியிலிருந்து முதியோர் மருத்துவர் ஒருவரை நாங்களே வரவழைத்தோம். அவர் மருந்துச் சீட்டைத்தான் முதலில் வாங்கினார், அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தார். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை. சோடியம் 124 இருந்தது. 135-க்குக் கீழே போகக் கூடாது. பிபிக்கான இரண்டு மாத்திரைகளில் ஒன்று சிறுநீரைக் கூட்டும் வகை, வயதானவர்களுக்கு அது சோடியத்தைக் குறைக்கும். அதை நிறுத்தினார். இரவில் தந்த தூக்க மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, பிறகு எடுத்தே விட்டார். மீதி இருந்த பிபி மாத்திரை இரவுக்கு மாறியது. உப்பை அவசரமாக ஏற்றாமல், தினமும் ரத்தம் பார்த்து மெதுவாகக் கூட்டச் சொன்னார். அந்த வாரக் கடைசியில் அப்பா என்னைப் பார்த்து, "அம்மிணி, வேலைக்குப் போகலையா?" என்று கேட்டார்.

எனக்கு இன்னும் ஆறாதது அந்த ஞாபகத் தேர்வுதான். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், இந்தச் சொற்களைத் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டு 30-க்கு மதிப்பெண் போடுவார்கள். அப்பாவுக்கு 14 போட்டு, மறதி நோய் தொடங்கியிருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். அப்பாவின் காது மெஷின் அன்று அலமாரியில் டப்பாவுக்குள் இருந்தது. கண்ணாடியும் போடவில்லை. கேட்காத கேள்விக்கு மனிதர் எப்படிப் பதில் சொல்வார்? சோடியம் சரியாகி, மெஷின் வைத்து, கண்ணாடி போட்டு மறுபடி எடுத்தபோது 22. தலைக்காயம் பட்ட முதியவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. அதனால்தான் அந்தப் பட்டத்தை ஒருவர் மேல் ஒட்டும் முன் காதில் மெஷின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்த 2 மதிப்பெண் யாருக்கு? ஒன்று பேச்சுப் பயிற்சி தந்த பெண்ணுக்கு. தண்ணீர் குடிக்கும்போது அப்பா மெல்லிதாக இருமுவதை முதல் நாளே கவனித்தார். விழுங்கும் தசை பலவீனமானால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும், இந்த வயதில் அது உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, கெட்டியாக்கிய கஞ்சி, மோவாயைத் தாழ்த்தி விழுங்குவது, சாப்பிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காருவது என்று எங்களுக்கெல்லாம் பழக்கிவிட்டார். அங்கிருந்த காலம் முழுக்க அப்பாவுக்குச் சளிக் காய்ச்சல் ஒருமுறைகூட வரவில்லை. இன்னொன்று இரவு உதவியாளர் ஒருவருக்கு. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பார், இடுப்பில் புண் வரவே இல்லை.

இனி தங்கை மகன். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது விபத்து. ஹெல்மெட் இருந்தது, பட்டை மாட்டவில்லை, அது முதலில் பறந்துவிட்டது. கோமா அளவு 6. விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது, அந்த உதவி எங்களுக்கு அன்று கிடைத்தது. வாரக்கணக்கில் ஐசியூ, தொண்டையில் குழாய். டாக்டர்கள் கைவிரிக்கவில்லை. "வயசு அவன் பக்கம் இருக்கு" என்றார்கள். பிழைப்பாரா, எவ்வளவு தேறுவார் என்று கணிக்கும்போது வயது, கை கால் அசைவு, கண்மணி சுருங்குகிறதா என்ற மூன்றும்தான் முதலில் வருமாம்.

அந்த மையம் அவனுக்கு என்றே கட்டியது போல இருந்தது. ஒன்பது மணி ஜிம்முக்கு எட்டேமுக்காலுக்கே போய் நிற்பான். சக்கர நாற்காலியிலிருந்து வாக்கர், வாக்கரிலிருந்து கைத்தடி, அப்புறம் அதுவும் இல்லை. மாலையில் தோப்பில் கிரிக்கெட், அடிபட்ட பையன்கள் ஆறேழு பேர் சேர்ந்து. பந்தைப் பார்ப்பது, முடிவெடுப்பது, ஓடுவது மூன்றும் அதில் வந்துவிடுகிறது என்று பிசியோ சொன்னார்.

உடம்பு வேகமாகத் தேறியது. நோய் வேறு பக்கத்தில் இருந்தது. சின்ன விஷயத்துக்குக் கோபம், தட்டைத் தூக்கி எறிவான். பத்து நிமிஷத்தில் அழுவான். வாசனை முற்றிலும் போய்விட்டது, திரிந்த பாலைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். தங்கை வீட்டுச் சமையலறையில் கேஸ் கசிந்தால் ஒலிக்கும் கருவியை மாட்டியது அதற்குப் பிறகுதான். இந்த மையம் இதையெல்லாம் கையாண்ட விதத்துக்குத்தான் என் மதிப்பெண். மனநல ஆலோசகர் தங்கையையும் அவள் கணவரையும் வாரம் ஒருநாள் உட்கார வைத்துப் பேசினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் கோபத்துக்குக் கடிவாளம், அங்கே காயம் பட்டிருக்கிறது, அவன் வேண்டுமென்றே செய்யவில்லை என்று படம் போட்டுக் காட்டினார். டிவியையும் செல்போனையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள், களைப்பாக இருந்தால் தூங்க விடுங்கள் என்றார். எல்லாம் வேலை செய்தது. "பெரியம்மா, எனக்கே தெரியுது கோவம் வரப்போகுதுன்னு. எந்திரிச்சு வெளியே போயிடறேன்" என்று அவனே சொல்கிறான் இப்போது.

கைவேலைப் பயிற்சியாளர் செய்தது இன்னும் பெரிய காரியம். பட்டறை முதலாளியிடம் போனில் பேசினார். வலிப்பு வர வாய்ப்பு இருப்பதால் சுழலும் மெஷின் முன்னால் இப்போதைக்கு அவனை நிற்க வைக்க வேண்டாம், தரம் பார்க்கும் பிரிவில் வெர்னியர் வைத்து அளக்கும் வேலை கொடுங்கள், முதலில் அரை நாள் போதும் என்று பேசி முடித்தார். 22 வயதுப் பையனுக்கு வேலை திரும்பக் கிடைப்பதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னதும் சரியாகவே போயிற்று: வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்து ஒருமுறை வலிப்பு வந்தது, வீட்டுத் திண்ணையில். மெஷின் முன்னால் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. இப்போது மாத்திரையில் இருக்கிறான். பைக் சாவி தங்கை கணவரிடம்.

அந்த அரை மதிப்பெண் ஏன் குறைந்தது? வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் உடற்பயிற்சியும் வலிப்பு மாத்திரையும் மட்டும்தான் இருந்தன. அடுத்த பல வருஷத்துக்கு என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. பையனுக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் நிறைவதில்லை, எடை ஏறிக்கொண்டே போனது, சோர்வு வேறு. பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர்தான் தைராய்டு, கார்ட்டிசால், ஆண் ஹார்மோன் எல்லாம் பார்க்கச் சொன்னார். மூளையின் அடியில் இருந்துகொண்டு இந்த ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரி சுரப்பி பலத்த அடியில் பாதிக்கப்படலாம், அது மெதுவாகத்தான் தெரியவரும் என்றார். பிபி, சர்க்கரை, கொழுப்பும் வருஷம் ஒருமுறை பார்க்கச் சொன்னார். "இந்த வயசுக்கா டாக்டர்?" என்று தங்கை கேட்டாள். பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வைச் சொன்னார். முன்பு எந்த நோயும் இல்லாதவர்களுக்குக்கூடத் தலைக்காயத்துக்குப் பிறகு பிபி, சர்க்கரை, மனச்சோர்வு, வலிப்பு ஆகியவை அடிபடாதவர்களைவிட அதிகமாக வந்திருக்கின்றன, 18 முதல் 40 வயதுக்காரர்களும் அதற்கு விலக்கில்லை என்றார்.

எங்கள் வீட்டில் நான் கண்ணால் பார்த்ததும் இதேதான். அப்பாவுக்குத் தலைக்காயம் வரும்போது பிபியும் சர்க்கரையும் இதயமும் ஏற்கனவே உள்ளே இருந்தன, காயம் அவற்றோடு மோதியது. மருந்தோடு மருந்து மோதியது. பையனுக்கு உள்ளே ஒன்றும் இல்லை, காயம்தான் வருங்கால நோய்களுக்கு விதை போட்டிருக்கிறது. அவனுக்கு இன்னும் 50 வருஷம் இருக்கிறது. முதியவருக்கு முதல் மூன்று மாதம் தினமும் மருத்துவரின் கண் வேண்டும், இளைஞனுக்கு வருஷக்கணக்கில் தொடர்ச்சி வேண்டும். இந்த மையத்தில் முதியோர் மருத்துவம் படித்தவர் ஒருவரும் இல்லை. இளைஞனை வீட்டுக்கு அனுப்பியதும் தொடர்பும் முடிந்துவிடுகிறது.

சேர்க்கும் முன் நீங்கள் கேட்க வேண்டியது. முதியவர் என்றால்: எல்லா மருந்தையும் ஒரே டாக்டர் உட்கார்ந்து பார்ப்பாரா? நிற்க வைத்து பிபி எடுப்பீர்களா? சோடியம் எப்போதெல்லாம் பார்ப்பீர்கள்? ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் திரும்ப எப்போது தொடங்குவது என்று இதய மருத்துவரும் மூளை அறுவை மருத்துவரும் பேசிக்கொள்வார்களா? எங்கள் அப்பாவுக்கு அந்தக் கடைசிக் கேள்வியை இரண்டு டாக்டருக்கும் நடுவில் நான் போன் பிடித்துத்தான் தீர்த்தேன். இளைஞர் என்றால்: மனநல ஆலோசகர் தினமும் உண்டா, வேலை கொடுப்பவரிடம் பேசுவீர்களா, ஆறு மாதம் கழித்து யார் கூப்பிடுவார்கள்?

4,500 ரூபாய் எல்லாருக்கும் முடியாது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம் 1966-லிருந்து நடக்கிறது, விபத்தில் தானே நடக்க முடியாமல் போன டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடி தொடங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், காசு இல்லை. அந்தத் தம்பி வந்த முதல் நாள் செய்த வேலை, குளியலறையில் எந்த உயரத்தில் கம்பி போட வேண்டும் என்று அப்பாவை நிற்க வைத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டது.

என் கடிதத்துக்கு மையத்திலிருந்து பதில் வந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிபி எடுப்பது வழக்கமாகிவிட்டதாம், போன மாதம் பக்கத்து வீட்டு அம்மாவைச் சேர்த்தபோது பார்த்தேன், உண்மைதான் எடுக்கிறார்கள். ஞாபகத் தேர்வுப் படிவத்தின் மேலே 'காது மெஷின், கண்ணாடி' என்று இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். முதியோர் மருத்துவர் வாரம் ஒருநாளாவது வருவது பற்றி 'பரிசீலிக்கிறோம்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அவர் வரத் தொடங்கினால் அந்த 2-ஐ நானே மாற்றி எழுதுகிறேன்.